ஏர்த்தை முதலில் பாரும்

அன்புள்ள மருமகனுக்கு,

நீர் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மொறிஸ் மைனருக்குள் கொறோலாவின் 5ஏ எஞ்சினை இறக்கி ஓட வைத்தது லேசான வேலையில்லை. மழைக்கு மிஸ் பண்ணுது, ஹெட்லைட் போட்டால் ஐடில் தடுமாறுது என்று விரிவாக எழுதிவிட்டு, ஸ்ராட் அடிக்கும்போது அக்சிலேற்றர் கேபிள் கை வைக்கேலாமல் சுடுகுது என்பதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர். எனக்கு அதுதான் முக்கியம். ‘கொம்பியூட்டர் பெட்டி போயிற்று’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் காசைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கு ஓடாதேயும்.

எஞ்சின் ரப்பர் மவுண்டில் இருக்கிறது. ரப்பருக்குள்ளால் கரண்ட் போகாது. ஸ்ராட்டர் இழுக்கிற நூறு அம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் பற்றரியின் நெகற்றிவ்வுக்குத் திரும்பி வந்தே ஆகவேண்டும். தடித்த ஏர்த் வயர் இல்லாவிட்டால், அல்லது இருந்தும் பிடிமானம் இல்லாவிட்டால், அது கிடைத்த வழியால் வரும். உம்முடைய காரில் அந்த வழி அக்சிலேற்றர் கேபிள். அதனால்தான் சூடு. இப்படியே விட்டால் கேபிளின் உறை உருகி ஒருநாள் அக்சிலேற்றர் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஏ9 வீதியில் லொறிக்குப் பின்னால் போகும்போது அது நடந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாரும்.

மல்ரிமீற்றரை ஓம்ஸில் வைத்துப் பார்த்தேன், பூச்சியம் காட்டுது, ஏர்த் நல்லம் என்று எழுதியிருக்கிறீர். அந்தச் சோதனை ஏமாற்றும். மீற்றர் அனுப்புவது துளிக் கரண்ட். வயரில் ஒரு நூல் மட்டும் அறாமல் மிஞ்சியிருந்தாலும் பூச்சியம்தான் காட்டும். அந்த ஒரு நூலால் ஸ்ராட்டரின் பாரத்தைத் தாங்க முடியாது. சுமை இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஈஎஃப்ஐ ஃபியூஸைக் கழற்றிவிடும், எஞ்சின் பற்றாது. மீற்றரை டீசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் ஈயக் குமிழிலேயே வையும், அதன் கிளாம்பில் அல்ல. சிவப்பு முனையை எஞ்சின் புளொக்கில் கறளும் பெயின்றும் இல்லாத இடத்தில் குத்திப் பிடித்துக்கொண்டு, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லும். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் நின்றால் சரி. 0.5ஐத் தாண்டினால் ஏர்த் கெட்டது. பிறகு சிவப்பு முனையைச் செசிக்கு மாற்றி இன்னொருமுறை பாரும்.

அளவு கூட வந்தால் பற்றரி நெகற்றிவ்விலிருந்து ஒரு தடித்த வயரை நேரே கியர்பொக்ஸ் போல்ட் ஒன்றுக்கு, ஸ்ராட்டருக்குக் கிட்டவாகக் கொண்டுபோம். புளொக்கிலிருந்து செசிக்கு இன்னொன்று. கொம்பியூட்டர் பெட்டியின் ஏர்த் வயர்களை ரொயோட்டாக்காரன் இன்டேக் மனிபோல்டில் பூட்டியிருப்பான், அவற்றைத் திரும்ப அங்கேயே பூட்டும். உம்முடைய படத்தில் அவை டாஷ்போட்டுக்குக் கீழே பொடியில் பூட்டிக் கிடக்கின்றன. ஹெட்லைட் போட்டதும் சென்சர்கள் பொய் சொல்லத் தொடங்குவது இதனால்தான். பூட்டுகிற இடத்தைக் கம்பிப் பிறஸ்ஸால் உலோகம் மினுங்கும்வரை உரஞ்சி, இறுக்கிய பிறகு மேலால் கிறீஸ் பூசும். முல்லைத்தீவுக் கடற்காற்றில் செப்பு வயர் உறைக்குள்ளேயே பச்சை பிடிக்கும். வெளியில் பளபளப்பாக இருக்கிறதென்று நம்பக்கூடாது, நுனியைக் கொஞ்சம் சீவிப் பாரும்.

மழைக்கு மிஸ் பண்ணுவது வேறு கதை. நல்ல இருட்டில் பொனற்றைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்கள் மேல் தண்ணீரைப் பனிபோல விசிறும். கையை மட்டும் எட்ட வைத்துக்கொள்ளும், அது பல்லாயிரம் வோல்ட். எங்கே நீல நூல் ஓடுகிறதோ அங்கேதான் ஸ்பார்க் ஒழுகுகிறது. டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உட்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாரும். முனைக்கு முனை முடிபோன்ற கறுத்த கோடு ஓடியிருந்தால் அது கரி. கரியில் கரண்ட் ஓடும். சுரண்டினாலும் திரும்ப வரும், மூடியை மாற்றத்தான் வேண்டும். பிளக் இடைவெளியையும் பாரும். தேய்ந்து அகன்ற பிளக்கைத் தாண்ட ஸ்பார்க்குக்குக் கூடுதல் வோல்ட் வேண்டும். அதைத் தாண்டுவதைவிட வெளியால் பாய்வது சுகமென்றால் வெளியால் பாயும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பழைய ஆட்களின் பேச்சைக் கேளாதேயும், நானும் அவர்களில் ஒருவன்தான். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினோம். பற்றரி தடைசெய்த சாமான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். 2002இல் ஏ9 திறக்கும்வரை சமாளிப்புத்தான் தொழில். அதை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கைப்பழக்கம் உம்முடைய எஞ்சினுக்கு ஆகாது. ஓடுகிற எஞ்சினில் பற்றரி வயரைக் கழற்றி ‘சேர்ஜ் வருதா’ என்று பார்ப்பது டைனமோ காலத்து வித்தை. ஓல்ரனேற்றரில் அதைச் செய்தால் வோல்ட் எகிறி டயோட்டையும் பெட்டியையும் சேர்த்துத் தின்னும். பிளக் வயரைத் தூக்கித் தூக்கிச் செத்த சிலிண்டரைத் தேடுவதும் அப்படித்தான், போக வழியில்லாத ஸ்பார்க் கொயிலின் உள்ளேயே பாயும். முறுக்கி ரேப் சுற்றிய மூட்டுகளும் வேண்டாம். இன்னொன்று, பழைய மொறிஸ் பொசிற்றிவ் ஏர்த். நீர் விட்டுவைத்த பழைய வயரிங்கில் எது எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே பற்றரியைப் பூட்டும்.

எஞ்சின் மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து வாகனப் பதிவுப் புத்தகத்தையும் திருத்தும், பொலிஸ் மறித்தால் என் கடிதம் உதவாது. வசதி வந்தால் அறிவியல்நகரில் உள்ள இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் வாகனப் பாடநெறி விசாரியும். கை உமக்கு இருக்கிறது, மீற்றர் வாசிக்கும் பழக்கம்தான் குறைவு.

புளொக்குக்கு எத்தனை வோல்ட், செசிக்கு எத்தனை வோல்ட் என்று இரண்டையும் எழுதி அனுப்பும். அதுவரை ஒரு சாமானும் வாங்காதேயும்.

இப்படிக்கு,
மாமா
கிளிநொச்சி