புதுப் பத்திரிகை தொடங்குவது எப்படி? ஜப்பான் படக்கதை இதழ்கள் சொல்லித்தரும் பாடம்

முன்னுரை



நம்ம சுவர்ப் பத்திரிகையில் படக்கதைக்கு என்று தனியாக ஒரு தாள் தொடங்கலாம் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் சிலர் சேர்ந்து யோசித்து வருகிறோம். டிவியில் தமிழ் பேசும் டோரேமானையும் ஷின்சானையும் பார்க்காதவர்கள் நம்ம பள்ளியில் ரொம்பக் கொஞ்சம். ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் அவர்களை வரைந்து பார்க்காதவர்கள் அதைவிடக் கொஞ்சம். ஆனால் நாலு படம் வரைந்து ஒட்டினால் அது பத்திரிகை ஆகிவிடுமா? ஆகாது. முதல் தாளுக்குக் கூட்டம் வரும். மூன்றாவது தாளைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.

அப்படி ஆகாமல் இருக்க, இதில் பேர் வாங்கியவர்கள் எப்படித் திட்டம் போட்டார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. அதனால்தான் இந்தப் பாடம்.

முதலில் இரண்டு சொற்கள்

மங்கா என்றால் ஜப்பானியப் படக்கதை. அனிமே என்றால் அசையும் படம், அதாவது நாம் டிவியில் பார்ப்பது. பெரும்பாலும் மங்காதான் முதலில் பத்திரிகையில் தொடராக வரும். அது பிடித்துப்போனால் பிறகு அனிமே ஆகும். ஆகவே நாம் பார்க்கும் பல கார்ட்டூன்களுக்குத் தாய்வீடு ஒரு பத்திரிகைதான்.

1. யாருக்காக?

புதுப் பத்திரிகைக்கு முதல் கேள்வி இதுதான். "எல்லாருக்கும்" என்று பதில் சொன்னால் மார்க் கிடையாது!

டோரேமானையே எடுத்துக்கொள்வோம். ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ வரைந்த இந்தக் கதை 1970 ஜனவரி இதழ்களில் தொடங்கியது. ஒரு பத்திரிகையில் அல்ல, ஷோகாக்குகான் நிறுவனத்தின் ஆறு பத்திரிகைகளில் ஒரே சமயத்தில்! அந்த நிறுவனம் வயதுக்கும் வகுப்புக்கும் தகுந்தபடி தனித்தனி இதழ் நடத்தியது. பள்ளிக்கே போகாத குட்டிகளுக்கு இரண்டு, ஒன்றாம் வகுப்புக்கு ஒன்று, இப்படி நாலாம் வகுப்பு வரை. ஒரே கதையை ஆறிலும் போட்டுவிடவில்லை. குட்டிகளுக்கு எளிதாக, பெரியவர்களுக்குக் கொஞ்சம் நீளமாக என்று தனித்தனியாக வரைந்தார். பிறகு டோரேமான் கதைகளை நிறையச் சேர்த்துத் தருவதற்காகவே 1977-ல் கொரோகொரோ என்ற தனி இதழ் பிறந்தது.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீங்க. ஷின்சான் கதை 1990-ல் தொடங்கியது பெரியவர்கள் படிக்கும் ஒரு வார இதழில்! அம்மாக்கள் அதைப் பார்த்துத் திட்டுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

பெண் பிள்ளைகளுக்கும் தனி இதழ்கள் உண்டு. நகயோஷி என்பது 1954 கடைசியில் வந்தது. அந்தப் பெயருக்கு நல்ல தோழமை என்று பொருள். மறு வருடம் ரிபோன் வந்தது. சைலர் மூன் கதை பிறந்தது நகயோஷியில்தான்.

2. தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டல்

இந்தப் பாடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

1977-ல் யமாட்டோ என்ற விண்வெளிக் கப்பல் படம் ஜப்பானில் திரையிடப்பட்டபோது இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கார்ட்டூன் என்றால் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் என்று நினைத்திருந்த பெரியவர்கள் அசந்து போனார்கள். உடனே தோகுமா ஷோத்தென் என்ற பதிப்பகம், அனிமே ரசிகர்களுக்கென்றே ஒரு மாத இதழ் தொடங்க முடிவு செய்தது. அதன் பெயர் அனிமேஜ்.

அந்த வேலை தோஷியோ சுசுகி என்பவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு 29 வயது. அவருக்கு அனிமே பற்றி அவ்வளவாகத் தெரியாது. இதழ் வெளிவரச் சில வாரம்தான் இருந்தது. என்ன செய்தார் தெரியுமா? அனிமே பைத்தியமாக இருந்த உயர்நிலைப் பள்ளி மாணவிகளைப் பார்த்து, அவர்களிடமே பாடம் கேட்டார்! எந்தப் படம் நல்ல படம், யார் வரைந்தது, ஏன் பிடிக்கும் என்று எல்லாம் அவர்கள்தான் சொன்னார்கள்.

அவர்கள் சொன்ன படங்களில் ஒன்று, 1968-ல் வந்த ஒரு பழைய படம். ஹோருஸ் என்ற சிறுவனைப் பற்றியது. வந்தபோது அது சரியாக ஓடவில்லை. சுசுகி அதன் இயக்குநர் இசாவோ தகாஹாதாவுக்குப் போன் போட்டார். அவர் பேட்டி தர முடியாது என்பதையே ஒரு மணி நேரம் விளக்கினாராம்! பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் போனைக் கொடுத்தார். அவரோ, "பேசுகிறேன், ஆனால் 16 பக்கம் ஒதுக்க வேண்டும்" என்றாராம். அவர்தான் ஹயாவோ மியாசாகி. அந்த முறை பேட்டி நடக்கவில்லை. ஆனால் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. 1978 மே மாதம் அனிமேஜ் முதல் இதழ் வெளிவந்தது. அட்டையில் யமாட்டோ.

கவனியுங்கள். ஒரு பெரிய பத்திரிகைக்கு வழிகாட்டியவர்கள் நம்மைவிட இரண்டு மூன்று வயதே மூத்த அக்காமார்.

3. புதியவர்களுக்கு இடம்

1959 மார்ச் 17-ஆம் தேதி, ஒரே நாளில் இரண்டு வார இதழ்கள் கடைக்கு வந்தன. ஷோனென் மேகசின் விலை 40 யென். ஷோனென் சண்டே 30 யென். ஷோனென் என்றால் சிறுவன். பேர் பெற்ற ஓவியர்கள் எல்லாம் இந்த இரண்டிலும் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

ஒன்பது வருடம் கழித்து, 1968 ஜூலையில், ஷூயிஷா நிறுவனம் ஷோனென் ஜம்ப் இதழைத் தொடங்கியது. விலை 90 யென். முதல் இதழ் 1 லட்சத்து 5 ஆயிரம் பிரதி. முதலில் மாதம் இரண்டு முறைதான், 1969-ல்தான் வார இதழ் ஆனது. பெரிய ஆட்கள் கிடைக்காததால் ஜம்ப் என்ன செய்தது? யாருக்கும் தெரியாத புதியவர்களைத் தேடிப் பிடித்தது. நட்பு, முயற்சி, வெற்றி என்ற மூன்று சொற்களைக் கொள்கையாக வைத்துக்கொண்டது. இல்லாத குறையே அதற்குப் பலம் ஆனது.

இதற்கும் முன்னால் மங்கா ஷோனென் என்று ஓர் இதழ் இருந்தது. 1947 முதல் 1955 வரை வந்தது. வாசகர்கள் அனுப்பும் படக்கதைகளுக்கு அது இடம் கொடுத்தது. அதில் 1954-ல், பள்ளி மாணவனாக இருந்தபோதே, தேனீ பற்றிய கதை ஒன்றை அனுப்பி அச்சில் பார்த்தவர் லெய்ஜி மட்சுமோட்டோ. அவர் யார் தெரியுமா? இருபது வருடம் கழித்து யமாட்டோ தொடரை உருவாக்கியவர்களில் ஒருவர்! மங்கா ஷோனென் எட்டு வருடம்தான் இருந்தது. ஆனால் அது இடம் கொடுத்த பையனின் கப்பல், பின்னால் இன்னொரு புதுப் பத்திரிகைக்கே முதல் அட்டை ஆனது.

4. வாசகர் ஓட்டு

ஜம்ப் இதழுக்குள் ஓர் அஞ்சலட்டை இருக்கும். இந்த இதழில் பிடித்த கதைகள் மூன்றை எழுதி அனுப்ப வேண்டும். அதிக ஓட்டு வாங்கிய கதை முன்னால் வரும். ஓட்டு குறைந்துகொண்டே போனால் கதையை முடித்துவிடுவார்கள். பத்துப் பதினைந்து வாரத்தில் நின்றுபோன கதைகள் நிறைய.

இதில் நல்லது உண்டு. பேர் இல்லாத புதியவரும் கதை நன்றாக இருந்தால் ஜெயிக்கலாம். இப்படி வளர்ந்து வளர்ந்து, 1994 கடைசியில் ஜம்ப் ஒரு இதழ் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதி அச்சாகும் அளவுக்குப் போனது. டிராகன் பால் அப்போதுதான் உச்சத்தில் இருந்தது. அந்தக் கதை 1995-லும், ஸ்லாம் டங்க் 1996-லும் முடிந்தன. 1997-ல் ஷோனென் மேகசின் ஜம்ப்பை முந்திவிட்டது. அதே 1997-ல் புதிதாகத் தொடங்கிய ஒரு கதைதான் ஒன் பீஸ். பழைய கதையை மட்டும் நம்பினால் கீழே விழ வேண்டும், புதிய விதையைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இதில் தெரிகிறது.

5. ஓட்டு மட்டும் போதுமா?

போதாது என்பதுதான் என் கருத்து. இரண்டு காரணம் சொல்கிறேன்.

ஒன்று, யமாட்டோ. 1974-ல் டிவியில் முதலில் வந்தபோது அதைப் பார்த்தவர்கள் குறைவு. அதே நேரத்தில் இன்னொரு சேனலில் எல்லாரும் விரும்பிய ஹைடி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் யமாட்டோவைச் சீக்கிரமே முடித்துவிட்டார்கள். மறு ஒளிபரப்பில்தான் ரசிகர்கள் பெருகினார்கள். முதல் ஓட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லியிருந்தால் அது தோற்ற கதை.

இரண்டு, நவ்சிகா. மியாசாகி ஒரு படத்துக்கு யோசனை சொன்னபோது, மூலக்கதை இல்லாத படத்துக்குப் பணம் போட முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அவர் அன்று பெரிய பேர் பெற்றவர் இல்லை. 1979-ல் அவர் எடுத்த திரைப்படமும் வந்த புதிதில் பெரிதாக ஓடவில்லை. ஆனாலும் அனிமேஜ், அந்தக் கதையை மங்காவாக நம்ம இதழிலேயே வரையுங்கள் என்று இடம் கொடுத்தது. 1982-ல் தொடங்கியது. நடுநடுவே நின்று நின்று 1994-ல்தான் முடிந்தது. அந்த மங்காவைக் காட்டித்தான் 1984-ல் படம் எடுக்க முடிந்தது. அதற்கு மறு வருடம் ஜிப்ளி படக்கூடம் பிறந்தது. அந்தக் கதை வேண்டும் என்று எந்த வாசகரும் கேட்டிருக்க முடியாது. ஏனென்றால் அப்படி ஒன்று இருக்கிறதே யாருக்கும் தெரியாது இல்லையா?

ஆகவே வாசகரிடம் கேட்கவும் வேண்டும். கேட்கத் தெரியாத ஒன்றைக் கொடுக்கவும் வேண்டும். இரண்டும் செய்வதுதான் பத்திரிகை.

6. காகிதமும் நேரமும்

வார இதழில் ஒரு கதைக்குச் சுமார் 19 பக்கம். வாராவாரம் தப்பாமல் வர வேண்டும். அதனால் நேரடியாக மையில் வரைய மாட்டார்கள். கட்டம், ஆட்கள் நிற்கும் இடம், வசனம் எல்லாவற்றையும் பென்சிலில் கிறுக்கி ஒரு வரைவு செய்வார்கள். அதற்கு நேம் என்று பெயர். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவர் அதைப் படித்து, இங்கே புரியவில்லை, இங்கே இழுக்கிறது என்று சொல்வார். திருத்திய பிறகுதான் படம்.

செலவிலும் கெட்டிக்காரத்தனம் உண்டு. இதழின் தாள் மட்டமான தாள்தான். கலர் முதல் சில பக்கங்களில் மட்டும். மற்றதெல்லாம் ஒரே மை. நல்ல தாள் பின்னால் வரும் புத்தகத்துக்கு. 2014-ல் ஜம்ப் கைபேசியில் படிக்கவே தனியாக ஒரு இதழ் தொடங்கியது. ஸ்பை எக்ஸ் ஃபேமிலி 2019-ல் அதில்தான் தொடங்கியது. தாள் மாறினாலும் வரைவு, திருத்தம், கெடு தேதி மாறவில்லை.

நம்ம திட்டம்

இவற்றையெல்லாம் வைத்து ஒரு திட்டம் எழுதியிருக்கிறோம். ஆசிரியர்கள் பார்த்துத் திருத்தித் தர வேண்டுகிறோம்.

அ) யாருக்கு: ஆறு, ஏழாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு. தாளை அவர்கள் கண் உயரத்தில் ஒட்ட வேண்டும்.

ஆ) எப்போது: 15 நாளுக்கு ஒருமுறை. வாரம் ஒன்று என்று சொல்லிவிட்டு நிறுத்துவதைவிட இது மேல்.

இ) என்ன: ஆறு கட்டத்தில் ஒரு தொடர்கதை, ஒரு சிரிப்புக்கதை, வரைவது எப்படி என்று ஒரு பாடம். கறுப்பு மை போதும். தலைப்புக்கு மட்டும் ஸ்கெட்ச் பேனா. டோரேமானைப் பார்த்து வரைந்தது பழகுவதற்கு நல்லது. தாளில் வருவது நம்ம சொந்த ஆட்களாக இருக்கட்டும்.

ஈ) ஓட்டு: தாளுக்குக் கீழே ஒரு காலி சாக்பீஸ் டப்பா இருக்கும். பிடித்த கதை ஒன்று, புரியாத இடம் ஒன்று, இரண்டையும் சீட்டில் எழுதிப் போடுங்கள்.

உ) ஓட்டுக்கு வெளியே: ஒரு தாளுக்கு ஒரு இடம், இதுவரை சுவர்ப் பத்திரிகையில் பேரே வராத ஒருவருக்கு.

இந்தக் கடைசி விதியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்ம சுவர்ப் பத்திரிகையைத் திரும்பிப் பாருங்கள். எப்பவும் அதே ஐந்தாறு பேர்தான். என் பேரும் அதில் ஒன்று. நாங்கள் அறிவாளிகள் என்பதால் அல்ல, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதால். கையெழுத்து கோணலாக இருப்பவர்கள் மனசில் கதை இருக்காதா? பேசவே கூச்சப்படும் பிள்ளைகள், நோட்டின் பின்பக்கத்தில் யாருக்கும் காட்டாமல் வரைகிறார்கள். வருடக் கடைசியில் அந்த நோட்டு எடைக்குப் போய்விடுகிறது. அவர்கள் பென்சிலில் வரைந்து தந்தால் போதும். வசனத்தை நாங்கள் அழகாக எழுதித் தருவோம். கீழே பேர் வரைந்தவர் பேர்தான் இருக்கும், எழுதியவர் பேர் இருக்காது.

யோசித்துப் பாருங்கள்

1. ஆறு இதழுக்கும் ஒரே டோரேமான் கதையைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

2. ஓட்டு குறைந்த கதையை நிறுத்துவது சரியா? எத்தனை தாள் வரை பொறுக்கலாம்?

3. சுசுகி நம்ம பள்ளிக்கு வந்து, எந்தக் கதை பிடிக்கும், ஏன் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்கான பதிலை மட்டும் சீட்டில் எழுதி டப்பாவில் போடுங்கள். பேர் எழுத வேண்டாம், வகுப்பு எழுதினால் போதும். முதல் தாளுக்கான வரைவு அதைப் படித்த பிறகுதான் தொடங்கும்.