பேய் இல்லாத வீடுகள்

கேள்வி: அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றிச் சீனர்கள் என்ன நினைக்கிறார்கள்? பாசமில்லாதவர்கள் என்றுதானே?

பதில்: அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. சீனச் சமூகவியலாளர் ஃபெய் சியாவ்தோங் 1943-44இல் அமெரிக்காவில் இருந்தார். அங்கே அவரை உறுத்திய விஷயம், வீடுகளில் பேய் இல்லை! பயமுறுத்தும் பேயைச் சொல்லவில்லை. சாப்பாட்டு வேளைக்கு முன் பாட்டி அடுக்களைப் பக்கம் ஒரு நடை போய் வருவதைச் சிறுவயதில் தினமும் பார்த்தவர் அவர். பாட்டி செத்த பிறகும் அதே நேரத்துக்கு அந்த உருவம் நடந்துபோவதாகவே தெரிந்ததாம். ஊர்விட்டு ஊர் மாறிக்கொண்டே இருக்கும் அமெரிக்கர்களுக்கு இப்படி முன்னோர் கூடவே இருக்க வழியில்லை என்று அவருக்குப் பட்டது.

மானிடவியலாளர் ஃபிரான்சிஸ் ஷூ (சீனாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரானவர்) வேறு மாதிரி பார்த்தார். சீனக் குடும்பத்தில் தந்தை-மகன் உறவு பிரதானம், அமெரிக்காவில் கணவன்-மனைவி உறவு. மகன் தனிக்குடித்தனம் போனால் அங்கே குடும்பம் உடைந்ததாக அர்த்தமில்லை. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. பாசத்தை வைத்து அளந்தால் சீனாவுக்கும் சங்கடம்தான்: வயதான பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று 2013 முதல் அங்கே சட்டமே இருக்கிறது.