குறைகடத்தியும் குறைபாடும்: பிளாஸ்மா விளைக்கும் ஊறு பற்றிய ஒரு சொல்நோக்கு

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் சிலிக்கானுக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். வினா நியாயமானதே. மேல்நிலை வகுப்பு வரை அறிவியலைத் தமிழில் பயின்று கல்லூரிக்குள் நுழையும் மாணவர் பலர், ஓராண்டு முடிவதற்குள் தாம் கற்ற கலைச்சொற்களைக் கைவிட்டுவிடுகின்றனர். கைவிடாதோரும் மாசு, குறைபாடு என்னும் இரு சொற்களையும் ஒருபொருட் பன்மொழியாகக் கொண்டு மயங்குகின்றனர். சொல் மயங்கின் பொருளும் மயங்கும். இம்மயக்கம் எத்துணைப் பெரிய வேறுபாட்டை மறைத்துவிடுகிறது என்பதை, குறைகடத்திகளில் பிளாஸ்மா உண்டாக்கும் மின்னணுக் குறைபாடுகளைக் கொண்டு விளக்க முற்படுகிறது இக்கட்டுரை.

மாசு வேறு, குறைபாடு வேறு

சிலிக்கான் படிகத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அண்டை அணுக்களோடு கைகோத்து நிற்கிறது. திருவரங்கம் ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் நேர்வரிசையாக நிற்பதைக் கண்டோர் இவ்வொழுங்கினை எளிதில் உணர்வர். (பெயரளவில் ஆயிரமேயன்றி, அம்மண்டபத் தூண்களை எண்ணினோர் 953 என்றே கணக்கிட்டுள்ளனர்.) ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கானில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை 5 என்னும் எண்ணை அடுத்து 22 சுழியங்களை இட்டு எழுதத்தக்கது.

தூய சிலிக்கான் மின்சாரத்தை நன்கு கடத்துவதில்லை. அதனுடன் பாஸ்பரஸ் அணு சேர்ந்தால் ஓர் எலக்ட்ரான் மிகும். போரான் அணு சேர்ந்தால் ஓர் எலக்ட்ரான் குறைந்து, 'துளை' எனப்படும் வெற்றிடம் தோன்றும். 5 கோடி சிலிக்கான் அணுக்களுக்கு ஓர் அயலணு என்ற அளவே கடத்துதிறனைப் பன்மடங்கு உயர்த்தப் போதுமானது. இதனையே நம் பாடநூல்கள் 'மாசு' என்கின்றன. வழக்கில் இழிபொருள் தரும் இச்சொல், ஈண்டு விரும்பி அழைக்கப்பட்ட விருந்தினரைக் குறிக்கிறது. அவ்விருந்தினர் சிலிக்கான் அணுவுக்குரிய இருக்கையில் முறையாக அமர்ந்துவிடுகின்றார், வரிசை குலைவதில்லை.

குறைபாடு என்பது வரிசையே குலைவது. ஓர் அணு தன் இடத்தை விட்டு எறியப்பட்டால் அவ்விடம் வெறுமையாகும். அதனைச் சூழ்ந்த நான்கு அணுக்களின் கைகள் பற்றுதற்கு யாருமின்றித் தொங்கும். 'தொங்கும் பிணைப்பு' என்னும் சொல் இங்ஙனம் பிறந்தது. எறியப்பட்ட அணுவோ வரிசைகளுக்கு இடையே எங்கேனும் புகுந்து நெருக்கிக்கொண்டு நிற்கும். அதற்கு 'இடைச்செருகல்' என்று பெயர். ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் தமிழாசிரியருக்கு இச்சொல்லை விளக்கவும் வேண்டுமோ! நூலாசிரியர் பாடாத பாடல் ஒன்று இடையில் நுழைந்து பொருட்போக்கைக் கெடுப்பது போன்றதே இதுவும்.

பொறி

அணு ஒன்று இடம்பெயர்வதால் மின்னோட்டம் ஏன் கெட வேண்டும்? சிலிக்கானில் எலக்ட்ரான்கள் பிணைப்பில் கட்டுண்டிருக்கும் நிலைக்கும், கட்டவிழ்ந்து உலவும் நிலைக்கும் இடையே 1.12 எலக்ட்ரான் வோல்ட் அளவுள்ள ஆற்றல் இடைவெளி உண்டு. ஒழுங்கான படிகத்தில் அவ்விடைவெளியில் எலக்ட்ரான் நிற்பதற்கு இடமே இல்லை. தொங்கும் பிணைப்போ அங்கு நடுவில் ஒரு படியை அமைத்துவிடுகிறது. உலவிச் செல்லும் எலக்ட்ரான் அப்படியில் விழுந்து சிக்கும். எதிர்வரும் துளையும் அங்கேயே வந்து சேரும். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து மறையும். சூரிய மின்கலத்தில் இது நிகழின் கிடைக்க வேண்டிய மின்சாரம் குறையும். டிரான்சிஸ்டரில் நிகழின் அணைத்த நிலையிலும் மின்னோட்டம் கசியும்.

இப்படியினைப் 'பொறி' என்று தமிழில் வழங்குவது மிகப் பொருத்தமானது. எலிப்பொறி, தீப்பொறி, ஐம்பொறி, பொறியியல் எனப் பல பொருள்களைச் சுமக்கும் இச்சொல்லின் முதற்பொருளே இங்குக் கொள்ளத்தக்கது. தேர்வுத்தாளில் இதனைத் 'தீப்பொறி' எனக் கொண்டு விடை எழுதும் மாணவரும் இருக்கக்கூடும். ஆதலின் 'எலக்ட்ரான் பொறி' என அடைகொடுத்து எழுதுவதே நலம்.

பிளாஸ்மா செய்வதும் சிதைப்பதும்

வளிமத்தின் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகி, அவ்வயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்து நிற்கும் நிலையே பிளாஸ்மா. எரியும் குழல்விளக்கினுள் இருப்பதும் அதுவே. வெப்பத்தால் வளிமம் எவ்வளவு அயனியாகும் என்பதற்குரிய சமன்பாட்டை 1920-இல் தந்தவர் நம் நாட்டு மேகநாத் சாகா. பிளாஸ்மா என்னும் பெயரை 1928-இல் இட்டவர் அமெரிக்க அறிஞர் இர்விங் லாங்மியூர்.

சில்லுகளில் நுண்ணிய பள்ளங்களை அகழ்வதற்கு இந்நிலை இன்றியமையாதது. அமிலத்தில் தோய்த்து அரித்தால் அது கீழ்நோக்கி அரிப்பதோடு பக்கவாட்டிலும் அரித்துக்கொண்டே போகும். நெருங்கிய கோடுகள் ஒன்றாகிவிடும். பிளாஸ்மாவின் விளிம்பில் எழும் மின்புலமோ அயனிகளை மழைத்தாரைபோல் செங்குத்தாக இறக்குகிறது. ஃபுளோரின் கலந்த வளிமத்தை 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள மின்சாரத்தால் கிளர்த்தினால், விடுபட்ட ஃபுளோரின் சிலிக்கானோடு கூடி ஆவியாக வெளியேறும். பள்ளத்தின் சுவர் நேராக நிற்கும்.

ஆயின் இறங்கும் அயனியின் ஆற்றல் சில பத்து முதல் சில நூறு எலக்ட்ரான் வோல்ட் வரை இருக்கும். சிலிக்கான் அணுவைத் தன் இடத்திலிருந்து பெயர்க்க ஏறத்தாழ 15 எலக்ட்ரான் வோல்ட் அளவே போதும். எனவே, எந்தக் கை அகழ்கிறதோ அந்தக் கையே அடியிலுள்ள சில நானோமீட்டர் ஆழத்தைக் குலைத்தும் விடுகிறது. திருச்சியில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழிலாளர்க்கு இது புதுமையன்று. கரட்டுப் பொடியால் தேய்த்தால் வேலை விரைவாக முடியும். மேற்பரப்பின் கீழே நுண்கீறல் நிற்கும். நுண்பொடியால் மெல்லத் தேய்த்தே அதனை நீக்குவர். சில்லுத் தொழிலிலும் முதலில் வலிய அயனிகளால் அகழ்ந்து, இறுதியில் ஆற்றலைத் தணித்து முடிக்கும் முறை உண்டு.

மோதலால் நேரும் ஊறு மட்டுமே இதுவென்று கருதற்க. பிளாஸ்மாவிலிருந்து உலோகக் கம்பிகளில் சேரும் மின்னூட்டம், டிரான்சிஸ்டரின் மெல்லிய ஆக்சைடு படலத்தைத் துளைத்துக்கொண்டு வழி தேடும்; படலத்தில் பொறிகள் விளையும். பிளாஸ்மா உமிழும் புற ஊதா ஒளியும் தன் பங்குக்குக் கேடு செய்யும். நீலநிற ஒளிவிளக்குகளுக்குரிய காலியம் நைட்ரைடில், இலேசான நைட்ரஜன் அணுக்கள் முதலில் வெளியேறிவிடுகின்றன. அவை விட்டுச்சென்ற வெற்றிடங்கள் எலக்ட்ரான்களை வழங்கி, துளைகளால் கடத்த வேண்டிய பகுதியின் இயல்பையே கெடுக்கின்றன.

திருவானைக்காவில் பிறந்தவர் தந்த ஒளி

கண்ணுக்குப் புலப்படாத இவ்வூற்றினை அறிவது எவ்வாறு? இவ்விடத்தில் நம் ஊர் குறுக்கிடுகிறது. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து காவிரியைக் கடந்து திருவரங்கம் செல்வோர் கடக்கும் திருவானைக்காவில், 1888 நவம்பர் 7 அன்று தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தவர் சர் சி. வி. இராமன். கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு கொல்கத்தாவில் அவர் தம் விளைவைக் கண்டது 1928 பிப்ரவரி 28. லாங்மியூர் பிளாஸ்மாவுக்குப் பெயரிட்ட அதே ஆண்டு என்பது எதிர்பாராத ஒற்றுமை.

ஒற்றை நிற ஒளி ஒரு பொருளின்மீது பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறு பகுதி அப்பொருளின் அணுவதிர்வுக்கு ஏற்ப நிறம் மாறுகிறது. 1930-இல் சி. இராமசாமி வைரத்தின் அதிர்வை இவ்வழியில் கண்டார். அதன் கோடு சென்டிமீட்டருக்கு 1332 அலைகள் என்னும் அளவில் அமைவது. வைரத்தின் அமைப்பையே கொண்ட சிலிக்கான், 520 என்னும் அளவில் கூர்மையான ஒரு கோட்டைத் தருகிறது. படிக ஒழுங்கு குலையக் குலைய அக்கோடு அகன்று தளர்ந்து, முற்றும் குலைந்த சிலிக்கானில் 480 அளவில் ஒரு மேடாகிவிடும். இராமன் பணியாற்றிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகமே, யாதவ்பூருக்கு இடம்பெயர்ந்த பின்னாளில், பிளாஸ்மாவால் சிலிக்கான் படலங்களைப் படியவைத்துச் சூரிய மின்கலம் செய்யும் ஆய்வில் ஈடுபட்டது. அத்தகைய படலங்களின் ஒழுங்கை அளக்க உலகெங்கும் கையாளப்படும் கருவிகளுள் இராமன் நிறமாலையும் ஒன்று.

ஊர்ப்பற்றினால் மிகைபடக் கூறுதல் ஆகாது. இராமன் ஒளி காட்டுவது கட்டமைப்பின் குலைவை. கோடிக்கணக்கான அணுக்களுக்கு ஒன்றாக ஒளிந்திருக்கும் எலக்ட்ரான் பொறியை அது காட்டுவதில்லை. அதற்கு வேறு முறை வேண்டும். 1974-இல் டி. வி. லாங் வகுத்த முறைப்படி, பொறிகளை எலக்ட்ரான்களால் நிரப்பி, குளிர்நிலையிலிருந்து மெல்லச் சூடேற்றி, எந்த வெப்பநிலையில் அவை எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன என்பதை மின்தேக்குதிறன் மாற்றத்தால் அறிகின்றனர். பொறியின் ஆழமும் எண்ணிக்கையும் இவ்வாறு தெரியவரும்.

ஹைட்ரஜன்: ஒரு செயல், இரு பயன்

இறுதியாக ஒரு சொற்சிக்கல். பிளாஸ்மாவில் ஹைட்ரஜன் இருப்பின், அது சிலிக்கானுக்குள் மைக்ரான் ஆழம் வரை ஊடுருவி, போரான் அணுவின் அருகே அமர்ந்து அதனைச் செயலற்றதாக்கும். அழைத்த விருந்தினர் வாய்திறவாதிருக்கிறார், இது கேடு. அதே ஹைட்ரஜன் தொங்கும் பிணைப்பைப் பற்றிக்கொண்டால் பொறி மறைகிறது, இது மருந்து. ஆக்சைடு படலத்துக்கும் சிலிக்கானுக்கும் இடையிலுள்ள பொறிகளைத் தணிக்க, ஹைட்ரஜன் கலந்த வளிமத்தில் ஏறத்தாழ 400 செல்சியஸ் வெப்பத்தில் சில்லுகளை வைத்தெடுப்பது தொழிலில் வழக்கமானது.

இவ்விரண்டு செயலையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்கின்றனர். தமிழில் நாமும் ஒரே சொல்லை ஆக்க வேண்டும் என்பதில்லை. போரானுக்கு நேர்வதை 'முடக்கம்' என்றும், தொங்கும் பிணைப்புக்கு நேர்வதைப் புண் ஆறுதல் என்னும் வழக்கையொட்டி 'ஆற்றுகை' என்றும் பிரித்து வழங்கலாம் என்பது என் கருத்து. ஆற்றல், ஆற்றுதல் என்பவற்றோடு பின்னது மயங்குமோ என்னும் ஐயம் உண்டு. இயற்பியல் துறை நண்பர்களும் மாணவர்களும் வகுப்பறையில் வழங்கிப் பார்த்துக் கூறுவார்களாக.