வெள்ளாற்றங்கரையில் ஒரு பை

கேள்வி: வெள்ளாறு பெருகினால் அவசரத்துக்கு என்னென்ன எடுத்து வைக்கலாம்? மாமியார் இன்சுலின் போடுகிறார், கைக்குழந்தையும் உண்டு.
– வாசகி, லப்பைக்குடிக்காடு

பதில்: அரிசி பருப்பை நினைக்குமுன் காகிதங்களை நினையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், சான்றிதழ் தொலைத்தவர்களுக்காக அரசு தனி முகாம்களே நடத்தியது. வளைகுடா போய்வருபவர்கள் நிறைந்த உங்கள் ஊரில் பாஸ்போர்ட் நனைந்தால் பிழைப்பே நனைந்த மாதிரி. பாஸ்போர்ட், ஆதார், பத்திரம், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்டுங்கள். அவற்றைப் படமெடுத்து வெளிநாட்டிலிருக்கும் உறவினருக்கும் அனுப்பிவிடுங்கள். அங்கே வெள்ளாறு வராது!

மின்சாரம் போனால் ஃபிரிட்ஜை நம்ப முடியாது. இன்சுலினை ஈரத்துணி சுற்றிய மண்கலயத்தில், தண்ணீர் படாமல் உறையிலிட்டு வையுங்கள். ஐஸ் மேல் நேராக வைத்தால் உறைந்து கெட்டுவிடும். ஊசி, மருந்துச்சீட்டு, தாழ்சர்க்கரைக்குக் கொஞ்சம் சீனி மறக்காதீர்கள்.

மற்றதெல்லாம் எளிது: மூன்று நாளைக்குக் குடிநீர், அவல், பொட்டுக்கடலை, பேரீச்சை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், குழந்தைத் துணி, டார்ச், பவர் பேங்க், சில்லறை நோட்டுகள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077ஐயும் உறவினர் எண்களையும் தாளில் எழுதி வையுங்கள். போன் செத்தால் எந்த எண் நினைவிலிருக்கும்? ஐப்பசி பிறக்குமுன் பையைக் கதவோரம், உயரத்தில் மாட்டிவிடுங்கள்.