பைபிளின் முன் பக்கத்தில் ஒரு தேதி

மாதவரம்,
சனிக்கிழமை இரவு

என் அன்புக் கண்ணுக்கு,

ஆயா எழுதுவது. தாத்தாவின் முதல் வருஷ நினைவு ஜெபக் கூட்டத்தில் வாசிப்பதற்காக நீ எழுதி அனுப்பியதை இரண்டு தடவை படித்தேன். அழுகை வந்தது. ஆனாலும் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். தேவபக்தி மிக்கவர், அன்பான கணவர், பாசமுள்ள தகப்பன், கனிவான தாத்தா என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். எல்லாம் உண்மைதான். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் எந்தக் கல்லில் வேண்டுமானாலும் இதைப் பொறித்து வைக்கலாம், பொருந்திவிடும். உன் தாத்தா அதில் எங்கே இருக்கிறார்?

நான் பிறந்து வளர்ந்தது தஞ்சாவூர் என்பது உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஆபிரகாம் பண்டிதரைப் பற்றிய பேச்சு அடிக்கடி வரும். தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859-ல் பிறந்தவர். 1919-ல் தஞ்சாவூரில் கண்ணை மூடினார். பக்தியுள்ள கிறிஸ்தவர், இசை ஆராய்ச்சியாளர் என்று அவரையும் ஒரே வரியில் முடித்துவிடலாம். அப்படித்தான் பல இடங்களில் முடித்தும் விடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது.

அந்த மனிதர் முதலில் பள்ளிக்கூட வாத்தியார். திண்டுக்கல்லில் இருந்தபோது போட்டோ எடுக்கக் கற்றார், அச்சு வேலை கற்றார். சுருளி மலையில் கருணானந்தர் என்ற துறவியிடம் மூலிகை வைத்தியம் கற்றார். பிறகு வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூரிலே வைத்தியசாலை வைத்தார். அதற்குப் பெயர் கருணாநிதி வைத்தியசாலை. ஊருக்கு வெளியே போட்ட தோட்டத்துக்குப் பெயர் கருணானந்தபுரம். 1917-ல் வந்த பெரிய இசைப் புத்தகத்துக்குப் பெயர் கருணாமிர்த சாகரம். இந்த மூன்று பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார். குருவுக்கு நன்றியுள்ளவர் என்று நீ தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஆசிரியைதான். மருந்து விற்று வந்த பணத்தைப் பண்டிதர் இசைக்குச் செலவு செய்தார். 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, வித்வான்களைத் தஞ்சாவூருக்கு வரவழைத்து மாநாடு மாநாடாக நடத்தினார். ஒரு ஸ்தாயிக்குள் சுருதி எத்தனை என்பதுதான் அவரைப் பிடித்து ஆட்டிய கேள்வி. இருபத்திரண்டு என்று பெரியவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். இருபத்து நான்கு என்றார் இவர். 1916-ல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியபோது அங்கே போய்த் தன் கணக்கைச் சொன்னார். கணக்கை மட்டும் சொல்லிவிட்டு உட்காரவில்லை; மகள் மரகதவல்லியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். நாடெங்குமிருந்து பண்டிதர்கள் உட்கார்ந்திருந்த அந்தச் சபையில் அவர் வீட்டுப் பெண்களே அதை இசைத்துக் காட்டினார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய காலம் அது என்பதை நினைத்துக்கொண்டு யோசி. அந்தக் கணக்கைப் பிற்பாடு எத்தனையோ பேர் மறுத்தார்கள், இன்றும் மறுக்கிறார்கள். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஞானம் போதாது. எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. ஒரு தகப்பன் தனக்குத் தெரிந்ததை மகளின் விரல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். அவர் இறந்து இருபத்தேழு வருஷம் கழித்து, 1946-ல், கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் புத்தகத்தை வெளியே கொண்டுவந்ததும் அந்த மரகதவல்லிதான். மகன் வரகுணபாண்டியன் யாழைப் பற்றி 'பாணர் கைவழி' என்ற நூலை எழுதினார். பேரன் தனபாண்டியனும் இசைத் தமிழைப் பற்றி எழுதினார்.

பண்டிதர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் முழங்காலில் நின்றார் என்று எனக்குத் தெரியாது. அவருக்குப் பின்னால் அவர் வீட்டில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பது தெரியும். தாத்தாவைப் பற்றியும் நீ அங்கிருந்து தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாத்தா பால் பண்ணையில் வேலை பார்த்தார் என்று அரை வரி எழுதியிருக்கிறாய். என்ன வேலை? மாதவரம் பால் பண்ணை 1963-ல் நியூசிலாந்து நாட்டின் உதவியோடு வந்தது. நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது அதைச் சுற்றித்தான் இந்த ஊரே இருந்தது. தாத்தாவுக்குப் பால் வந்து இறங்கும் இடத்தில் வேலை. கேன் மூடியைத் திறந்ததும் முதலில் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். புளிப்பு, புகை, மாடு தின்ற தீவனம், கழுவாத பாத்திரம் எல்லாம் அந்த ஒரு மூச்சில் தெரிந்துவிடும். மூடியைத் திறந்து வைத்துவிட்டால் வாசனை போய்விடும். அதற்குப் பிறகுதான் லாக்டோமீட்டரை மிதக்கவிடுவது. தண்ணீர் கலந்திருந்தால் அது வழக்கத்தைவிடக் கீழே இறங்கிவிடும். கொழுப்பு பார்க்கக் கந்தக அமிலம் ஊற்றுவார்கள். அதனால் தாத்தாவின் சட்டைகளில் குண்டூசி குத்தியதுபோலப் பொடிப்பொடியாக ஓட்டை இருக்கும். எத்தனை சட்டைக்கு ஒட்டுப் போட்டிருப்பேன்!

மூக்குதான் அவர் பிழைப்பு. அதனால் வாசனைப் பவுடர் போட மாட்டார், தலைக்கு வாசனை எண்ணெய் கிடையாது. காலை ஷிப்டு உள்ள வாரங்களில் நானும் மல்லிகைப்பூ வைத்துக்கொள்வதில்லை. அவர் ஒருநாளும் வைக்காதே என்று சொன்னதில்லை, நானாகத்தான் விட்டேன். லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சைக்கிளில் மூலக்கடைக்குப் போய் இரண்டு முழம் வாங்கிக்கொண்டு வருவார். எனக்குத் தெரிந்த அன்பான கணவர் அந்த இரண்டு முழம் பூவில் இருக்கிறார், கண்ணு.

காலை மூன்றரை மணிக்கு எழுந்துவிடுவார். எங்கள் தூக்கம் கெடும் என்று விளக்குப் போட மாட்டார். சமையலறை வாசற்படியில் இருட்டில் உட்கார்ந்து ஜெபிப்பார். சத்தமே வராது, பெயர்கள் மட்டும் காதில் விழும். உன் அப்பா, அத்தை, பக்கத்து வீட்டு நோயாளி என்று போய்க்கொண்டே இருக்கும். ஒருநாள் எனக்குப் பழக்கமில்லாத ஒரு பெயர் கேட்டது. யார் என்று விசாரித்தேன். முந்தின நாள் பால் கெட்டிருந்ததால் இவர் திருப்பி அனுப்பிய லாரியின் டிரைவராம். கண்டபடி திட்டிவிட்டுப் போனாராம். "அவருக்கு அன்னிக்கு நட்டம் ஆயிருக்கும்ல" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். பாலை உள்ளே விட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றியிருக்காது.

உன் அப்பா இன்றைக்கும் பால் பாக்கெட்டை வெட்டியதும் மோந்து பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தில் ஊற்றுகிறான். போன கிறிஸ்துமஸுக்குப் பாயசம் வைக்கும்போது நீயும் அதையே செய்தாய். நீ கவனிக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இதை எழுது.

இன்னொன்றும் எழுது. எழுதக் கஷ்டமாக இருக்கும். உன் அப்பா டிப்ளமோ கடைசி வருஷத்தில் படிப்பை விட்டுவிட்டு வந்தபோது தாத்தா எட்டு மாதம் அவனோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில் உட்கார்ந்து குடும்ப ஜெபம் நடக்கும்; பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டார். நானும் கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. பையன் கோபித்துக்கொண்டு மணலியில் ஒரு அறையெடுத்துத் தங்கப் போய்விட்டான். பக்தியுள்ளவருக்கும் இப்படி ஒரு பிடிவாதம் இருந்தது. இதை மறைத்துவிட்டு எழுதினால், அடுத்து நடந்ததை நீ எழுத முடியாமல் போய்விடும்.

தாத்தாவின் பைபிளைத் திறந்தால் முன் பக்கத்தில் அவர் கையெழுத்து இருக்கும். எங்கள் கல்யாண நாள், பிள்ளைகள் பிறந்த நாள், ஞானஸ்நானம், நீ பிறந்த நேரம்கூட இருக்கிறது. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் இன்னது என்று எழுதியிருப்பார். ஒரு தேதிக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றுமில்லை. 12.8.1998. அன்றைக்கு ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தவர் படுக்கவில்லை. காபியைக்கூடக் குடிக்காமல் மணலிக்கு மிதித்துக்கொண்டு போனார். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வந்தார்கள். தாத்தா பின்னால் உட்கார்ந்திருந்தார்.

அந்த அறையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவரும் சொல்லவில்லை, உன் அப்பாவும் இதுவரை என்னிடம் சொல்லவில்லை. நீ கேட்டால் சொல்லுவான் என்று நினைக்கிறேன். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தானே, வெள்ளிக்கிழமையே வந்துவிடு. பைபிளை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கிறேன்.

அன்புடன்,
ஆயா