கணினியில் ஒரு நினைவேடு: தொடங்குவது எப்படி?

சோற்றுப் பருக்கையைப் பசையாக்கி, நோட்டுப் புத்தகத்தில் படம் ஒட்டி மகிழாதவர் நம் அன்னையருள் யார்? தபால்தலை, தீப்பெட்டிப் படம், நாளிதழ்த் துணுக்கு, காய்ந்த அரசிலை என்று கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் ஒட்டி, அருகில் இரண்டு வரி எழுதி வைப்பார்கள். அந்த ஒட்டுப் புத்தகத்தைத்தான் இன்று கணினியில் செய்கிறோம். கத்தரிக்கோலும் பசையும் வேண்டாம். படத்தைக் கணினிக்குள் கொண்டுவந்து, பக்கமாக அமைத்து, செய்தி எழுதி, விரும்பினால் அச்சிட்டுக் கொள்ளலாம். இதைக் 'கணினி நினைவேடு' என்று அழைப்போம். எங்கள் கணினி மன்றத்தார் சென்ற ஆண்டில் முயன்று கற்றதை, தவறிக் கற்றதையும் சேர்த்து, இங்கே பாடமாகத் தருகிறோம்.

முதலில் இரண்டு செய்திகள். 'டாம் சாயர்' கதையை எழுதிய மார்க் ட்வைன் படம் ஒட்டுவதில் பெருவிருப்பமுள்ளவர். பசைக் கிண்ணத்தோடு போராடிச் சலித்த அவர், தாளிலேயே பசை தடவிய ஏடு ஒன்றை உருவாக்கி 1873-இல் காப்புரிமை பெற்றார். தாளை நனைத்து ஒட்டினால் போதும். அடுத்தது, 1957-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர் புகைப்படத்தைக் கணினிக்குள் செலுத்தும் கருவியை முதன்முதலில் செய்து முடித்தார். அதில் அவர் வைத்த படம் என்ன தெரியுமா? மூன்று மாதமே ஆன தம் மகனின் படம்! நீளத்தில் 176 புள்ளி, அகலத்தில் 176 புள்ளி, ஆக 30,976 புள்ளிகளில் அந்தக் குழந்தை முகம் கணினியில் தெரிந்தது. இன்று நம் வீட்டுக் கைபேசி எடுக்கும் படத்தில் ஒரு கோடிக்கு மேல் புள்ளிகள் இருக்கின்றன. ஆயினும் அந்தத் தந்தைக்கு இருந்த ஆசையே நமக்கும் இருக்கிறது.

நாங்கள் தொடங்கிய காரணம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பகுதியில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடியிலும் நம் புதுக்கோட்டைச் சுற்றுப்புறத்திலும் எத்தனையோ வீடுகளில் வெள்ளம் புகுந்தது. அரிசியும் பாயும் போயின, பிறகு வாங்கிக்கொண்டோம். எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பம் நனைந்து ஒரே கட்டியாகிவிட்டது. அதை எந்தக் கடையில் வாங்குவது?

அந்த ஆல்பத்தில் அவள் தாத்தாவின் படம் ஒன்று இருந்தது. தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அந்த ஆண்டு வள்ளத்தின் அருகில் ஐந்து பேர் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. நல்ல வேளையாக, கொழும்பில் இருக்கும் அத்தைக்கு அக்காலத்தில் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். அத்தை அதைக் கைபேசியில் எடுத்து அனுப்பினார். அந்த ஒரு படத்திலிருந்துதான் எங்கள் நினைவேடு தொடங்கிற்று.

வேண்டிய பொருட்கள்

புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் அக்காமாருக்குக் கிடைத்த மடிக்கணினி இயங்கும் நிலையில் இருந்தால் அதுவே போதும். 'லிப்ரே ஆபீஸ்' என்ற இலவச மென்பொருளில் பக்கம் அமைக்கலாம். படத்தைத் திருத்துவதற்கு 'கிம்ப்' என்ற மென்பொருளும் இலவசமே. பள்ளியில் ஸ்கேனர் இருந்தால் நன்று; இல்லையென்றால் கைபேசி.

தொடங்கும்போது ஆல்பம் முழுவதையும் எடுத்து விரிக்காதீர்கள். பத்துப் படங்கள் போதும். நாங்கள் முதலில் நானூறு படங்களை மேசைமேல் குவித்து, மூன்றாம் நாளே களைத்துப் போனோம். அகலக் கால் வைத்தால் இதுதான் கதி.

முதற்படி: படத்தைக் கணினியில் ஏற்றுதல்

ஸ்கேனரில் வைக்கும் முன் அதன் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். படம் எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில் அச்சிட, அங்குலத்திற்கு 300 புள்ளி போதுமானது. பாஸ்போர்ட் அளவுச் சிறு படமானால் 600 வையுங்கள். பின்னர் இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது.

கைபேசியில் எடுப்பதானால் ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் விழாத இடத்தில் கறுப்புத் துணி விரித்து அதன்மேல் படத்தை வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பான தாளில் ஒளி பட்டு முகம் மறைந்துவிடும். கைபேசி படத்துக்கு நேர் மேலே, சாயாமல் இருக்கட்டும். படத்தின் பின்புறத்தையும் எடுங்கள். ஸ்டூடியோவின் முத்திரையும் தாத்தாவின் கையெழுத்தும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நாங்கள் செய்த தவறு ஒன்று: அத்தையின் படம் கைபேசிச் செய்தியில் வந்ததை அப்படியே அச்சிட்டோம். முகங்களெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. செய்தியாக அனுப்பும்போது படம் சுருங்கிவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது. படத்தை ஆவணக் கோப்பாக அனுப்பினால் சுருங்காது. அத்தையிடம் மீண்டும் கேட்டு வாங்கினோம்.

நனைந்த படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஸ்டூடியோவில் கழுவி எடுத்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் காய்ந்த நிலையில் பிய்க்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டு மெல்லப் பிரித்து, படமுகம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்துங்கள். வீட்டுப் பிரிண்டரில் அச்சிட்ட படங்களை மட்டும் நீரில் போடக்கூடாது, மை கரைந்துவிடும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்க முயலாமல் கண்ணாடியோடு வைத்தே படமெடுத்துக் கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பெயர் வைத்தல்

கைபேசி தானாக வைக்கும் நீண்ட எண்ணை அப்படியே விட்டால், ஆறு மாதம் கழித்து எந்தப் படம் எது என்று நமக்கே தெரியாது. ஆண்டு, மாதம், நாள், நிகழ்ச்சி என்ற வரிசையில் பெயரிடுங்கள். பனிமய மாதா திருநாளில் எடுத்த படமானால் '1987-08-05-திருநாள்' என்று வைக்கலாம். ஆண்டு முன்னால் இருப்பதால் கணினி காலவரிசைப்படி தானே அடுக்கிவிடும். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் '1960-களில்' என்று எழுதுங்கள். ஊகத்தை உண்மைபோல் எழுதுவதைவிட இது நேர்மையானது.

மூன்றாம் படி: பக்கம் அமைத்தல்

கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் மலையும் வைக்கோலும், அதன்மேல் சுரூபங்கள், கடைசியில் விண்மீன். இடையனை இடம் மாற்றினால் வைக்கோல் கலையாது. கணினிப் பக்கமும் இப்படித்தான் அடுக்கு அடுக்காக அமைகிறது. அடியில் பின்னணி நிறம், அதன்மேல் படம், அதற்கும் மேல் எழுத்து. ஒன்றை நகர்த்தினால் மற்றது கெடுவதில்லை.

பக்கத்தை ஏ4 அளவில் வைத்துக்கொண்டால் எந்தக் கடையிலும் அச்சிடலாம். ஒரு பக்கத்துக்கு ஒரு செய்தி போதும். பெரிய படம் ஒன்று, சிறியவை இரண்டு. பின்னணி நிறத்தைப் படத்திலிருந்தே எடுத்தால் கண்ணை உறுத்தாது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வெளிர்ச் சந்தன நிறம் பொருந்தும். பூவும் பட்டாம்பூச்சியும் சுற்றிலும் வைக்க ஆசை வரும், எங்களுக்கும் வந்தது. ஆசிரியை பார்த்துவிட்டு, "தாத்தா எங்கே?" என்று கேட்டார். பூக்களையெல்லாம் எடுத்துவிட்டோம்.

தமிழ் எழுத்தை யூனிகோடு முறையிலேயே அடியுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்தால் வேறு கணினியில் திறக்கும்போது புரியாத குறிகளாகத் தெரியும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையைச் சில வாரப் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். நம் எழுத்துக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டல்லவா? ஆகையால் வரிகளுக்கு இடையே சற்று அதிக இடம் விடுங்கள்.

கிழிசலையும் கறையையும் திருத்தும்போது மூலக்கோப்பைத் தொடாமல் அதன் பிரதியிலேயே திருத்துங்கள். எங்கள் படத்தில் ஓரத்தில் நிற்பவரின் முகம் பாதி மங்கிவிட்டது. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்தால் கண்ணும் மூக்கும் அழகாக வரைந்து தந்துவிடும். ஒருமுறை செய்தும் பார்த்தோம். நல்ல முகம்தான், ஆனால் அது அவர் முகம் அல்ல. அழித்துவிட்டு, மங்கிய முகத்தையே வைத்தோம்.

நான்காம் படி: கேட்டு எழுதுதல்

இப்பாடத்தில் முக்கியமான பகுதி இதுவே. எழுத்தில்லாத படம் முகவரியில்லாத கடிதம் போன்றது. யார், எங்கே, எப்போது, எதற்காக என்ற நான்கையும் படத்தின் கீழ் எழுத வேண்டும். அவற்றைக் கணினி சொல்லாது. வீட்டுப் பெரியவர்களே சொல்ல வேண்டும்.

தோழியின் ஆச்சிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலை வைத்து ஒவ்வொருவராகச் சொன்னார். முதலில் நிற்பவர் வள்ளத்துச் சம்மாட்டி, அடுத்தவர் தாத்தா, பக்கத்தில் கயிறு பிடித்தவர் ஆச்சியின் தம்பி. குளிப்பவரின் உயிர் கயிறு பிடிப்பவர் கையில் என்பதால், அந்தக் கயிற்றைத் தன் தம்பியைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்க ஆச்சி சம்மதிக்கவில்லையாம். நான்காமவர் பெயரையும் சொன்னார். ஓரத்தில் நிற்கும் ஐந்தாமவரிடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"ஏளா, இவன் பேரு நாக்கு நுனியில நிக்குது. வர மாட்டேங்கு. உங்க தாத்தா இருந்தா டக்குன்னு சொல்லிருவாரு."

தாத்தா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் படம் அதுவரை பீரோவில்தான் இருந்தது. யாரும் எடுத்துக் கேட்கவில்லை.

ஆச்சி பேசியதைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, அதையும் அதே ஃபோல்டரில் வைத்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். "இதில் இருப்பது யார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர்கள் பேசும்போது குறுக்கிடாமல் இருங்கள்.

ஐந்தாம் படி: பாதுகாத்தல்

படங்களைக் காப்பவர்கள் 'மூன்று, இரண்டு, ஒன்று' என்றொரு கணக்குச் சொல்வார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு ஊரில். மடிக்கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வெளியூர் உறவினரிடம் ஒன்று என்று வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து சரிபார்க்க வேண்டும்.

இக்கணக்கின் உண்மையை நம் கடற்கரையின் வரலாறே காட்டுகிறது. முத்துக்குளித்துறையில் உழைத்த அண்டிரிக் அடிகளார் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல்களுள் அது ஒன்று. இன்று அதன் பிரதி இருப்பது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். கடல் கடந்து போன பிரதியால் அந்நூலை நாம் இன்றும் காண முடிகிறது. மாறாக, 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகள் அதோடு முடிந்தன. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் கணினியில் ஏற்றிக் காக்கும் 'நூலகம்' என்ற முயற்சி 2005-இல் தொடங்கி நடந்துவருகிறது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேர்த்துக் கணினியில் ஏற்றியிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் செய்வதையே நாம் வீட்டளவில் செய்கிறோம்.

தோழியருக்கு ஓர் எச்சரிக்கை. நினைவேடு வீட்டாருக்காக. வீட்டு முகவரியும் தோழியர் படங்களும் உள்ள பக்கத்தை ஊரார் பார்க்கும்படி இணையத்தில் இடவேண்டாம். பிறர் எடுத்த படத்தை அவர் அனுமதியின்றிச் சேர்க்கவும் வேண்டாம்.

முடிவாக

எங்கள் நினைவேடு பன்னிரண்டு பக்கங்களில் முடிந்தது. அச்சிட்ட பிரதி ஒன்று ஆச்சியின் தலையணைக்குக் கீழே இருக்கிறது. இன்னொன்று கொழும்புக்குப் போயிருக்கிறது. முத்துக்குளிப்புப் படத்தின் கீழ் நான்கு பெயர்கள் இருக்கின்றன. ஐந்தாம் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். நம் பெற்றோருள் யாருக்கேனும், அவர்கள் வீட்டுப் பெரியவருக்கேனும் அவரைத் தெரிந்திருக்கலாம். பள்ளி நூலகத்தில் ஒரு பிரதி வைத்துள்ளோம், வந்து பாருங்கள்.

தோழியரே, இந்த விடுமுறையில் பத்துப் படங்களை எடுத்துக்கொண்டு உங்கள் ஆச்சியின் அருகில் போய் உட்காருங்கள். கணினியைப் பிறகு திறக்கலாம்.