14 நாட்களுக்குப் பின்னும் கண்ணீர் நிற்காவிட்டால்

நெல்லையப்பர் கோயிலில் ஆடிப்பூர விழாவின்போது காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு நடைபெறுகிறது. சூல்கொண்ட பெண்ணைக் கூடி வாழ்த்துவது நம் மரபு. குழந்தை பிறந்தபின்னோ, காண வருவோர் கண்களெல்லாம் தொட்டிலின்மேல் நிற்கின்றன. தாயின் மனநிலையைக் கேட்போர் சிலரே.

மகப்பேறு முடிந்த மூன்றாம் நாளளவில் தாய்மார் பலருக்குக் காரணம் புரியாத அழுகையும் எரிச்சலும் தோன்றும். உடலில் ஹார்மோன்கள் திடீரெனக் குறைவதும் உறக்கமின்மையும் இதனை மிகுவிக்கும். பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் இது தானே தணியும்.

அவ்வாறு தணியாமல் துயரம் நீடித்தாலோ, குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராவிட்டாலோ, குழந்தையிடம் பற்று உண்டாகவில்லையே என அவர் வருந்தினாலோ, அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். இது நோய், தாயின் குறையன்று. ஆலோசனையாலும், தேவையெனில் மருந்தாலும் குணப்படுத்தலாம். பாலூட்டும் காலத்தில் உட்கொள்ளத்தக்க மருந்துகளும் உள்ளன.

தாய்வீட்டில் இருக்கும் பெண், பெற்றோருக்குச் சுமையாகக் கூடாதென்று தன் துயரை மறைக்கக்கூடும். ஆகவே, குடும்பத்தாரே நாட்களை எண்ணி வாருங்கள். இரவில் சில மணி நேரம் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவரை உறங்கவிடுங்கள். “பிள்ளை பெற்றவள் அழலாமா?” என்று கடியாமல், “உனக்கு மனசுக்கு எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள்.

இரண்டு வாரம் கடந்தும் மாற்றமில்லையெனில், குழந்தையின் தடுப்பூசி நாள்வரை காத்திராமல் மருத்துவரை அணுகுங்கள். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ, குழந்தைக்குத் தீங்கிழைக்கும் எண்ணமோ, இல்லாத குரல் கேட்பதோ இருந்தால், ஒரு நாளும் தாமதியாதீர்கள். தாயைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.